கொந்தளிக்கும் விண்மீன்களைத் தேடிக் காவலூருக்கு

கார்த்திகைக் கூட்டத்துக்கு நேர் தெற்கே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு விண்மீன் இருக்கிறது. செல்லப்பெயர் எதுவும் அதற்கு இல்லை. ஹெச்ஆர் 1099 என்ற அட்டவணை எண்தான் அடையாளம். பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு எட்டு மணி வாக்கில் அது நம் ஊர் உச்சிக்குச் சற்றுத் தெற்கே தள்ளி நிற்கும். ஏறத்தாழ 97 ஒளியாண்டு தொலைவு. அதன் முகத்தில் உள்ள கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டால் நம் சூரியனின் புள்ளிகள் வெறும் பொட்டுகள். அங்கே நடக்கும் காந்தப் புயல்கள் நம் சூரியனுடைய மிகப் பெரிய வெடிப்பையும் ஆயிரம் மடங்குக்கு மேல் விஞ்சக்கூடியவை. இந்த விண்மீனையும் இதன் கூட்டாளிகளையும் 1980களில் இரவிரவாக அளந்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, காவலூர்.

பொங்கலுக்கு மங்கலம்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்தே காவலூருக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஊரைத் தாண்டிக் கரும்புக் கொல்லைப் பக்கம் நடந்தால் வானம் இன்னும் ஓரளவுக்கு மிச்சம் இருக்கிறது. கார்த்திகையும் ரோகிணியும் நன்றாகத் தெரிந்தன. கிழக்கே நெய்வேலிப் பக்கம் அடிவானம் மட்டும் விடிந்துவிட்டதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஹெச்ஆர் 1099 இருக்கும் இடத்தைப் பைனாகுலரில் பிடித்து அத்தையிடம் கொடுத்தேன். "இத்தினியூண்டுதானா? இதுக்கா மலைக்குப் போற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எந்தத் தொலைநோக்கியை வைத்து நேரே பார்த்தாலும் விண்மீன் இத்தினியூண்டு புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் இன்னொரு புள்ளி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்காகத்தான் இந்தப் பயணமே.

கிளம்புவதற்கு முன் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறைக்குப் போனேன். மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு விருத்தாசலம் பக்கத்து வீடு மாதிரி. பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, முந்திரி ஆகியவற்றோடு பீங்கானும் அந்த ஊரின் அடையாளம். பட்டறைக்குள் நீளப் பலகைகளில் ஃபியூஸ் கட்டைகள் வெள்ளை வெள்ளையாக அடுக்கிக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் அகல்விளக்குகள், இன்னொரு பக்கம் வர்ணம் பூசாத பிள்ளையார்கள். சூளைக்குப் பக்கத்தில் நின்றவர் சுவரில் இருந்த சிறு துளையை மூடியிருந்த செங்கலை இடுக்கியால் இழுத்துவிட்டு, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். "இன்னும் செவப்புலதான் இருக்கு சார். வெளுக்கணும்" என்றார். அனல்மானி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வானியலாளர் விண்மீனைப் பார்ப்பதும் அந்தத் துளை வழியாகப் பார்ப்பதைப் போலத்தான். நிறம்தான் வெப்பத்தைச் சொல்கிறது. பீங்கான் சூளை 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒளிரும். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி. ஹெச்ஆர் 1099 உண்மையில் இரட்டை விண்மீன்; அதில் ஆட்டம் போடும் பெரிய விண்மீன் 4,500 டிகிரிக்குப் பக்கம். அதன் புள்ளிகள் அதைவிட ஆயிரம் டிகிரி குறைவு. கரும்புள்ளி என்று சொல்கிறோமே தவிர அது கருப்பு இல்லை. தனியாகப் பெயர்த்து எடுத்து வைத்தால் எந்தச் சூளையையும் தோற்கடிக்கும் பிரகாசம் அதற்கு உண்டு. சுற்றியிருப்பது அதைவிடச் சூடாக இருப்பதால் இது கருப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சூளைக்கும் காந்தத்துக்கும் நேரடி உறவும் உண்டு. களிமண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதுத் துகள்கள் சூளைச் சூட்டில் தம் காந்தத் திசையை இழந்துவிடும். சூளை ஆறும்போது, மேக்னடைட் துகளாக இருந்தால் 580 டிகிரிக்குக் கீழே வந்ததும், அப்போது பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக அவை உறைந்துபோகும். பழைய செங்கல் சூளைகளின் தரையை ஆராய்ந்து, பல நூறு ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தம் எப்படி இருந்தது என்று தொல்லியலாளர்கள் கணக்கிடுவது இதை வைத்துத்தான். இரும்பு குறைந்த வெள்ளைப் பீங்கானைவிடச் செங்கல்லே இதற்குத் தோது. பூமி தன் காந்த நிலவரத்தை மண்ணில் எழுதி வைக்கிறது. விண்மீன்கள் ஒளியில் எழுதி அனுப்புகின்றன.

விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்று. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றின் ஆடிகள் கண்ணாடி-செராமிக் என்ற பொருளால் ஆனவை. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கிகளும், சிலியில் 8.2 மீட்டர் ஆடிகளோடு நிற்கும் நான்கு தொலைநோக்கிகளும் அப்படித்தான். வெயிலுக்கும் குளிருக்கும் துளியும் விரியாத, சுருங்காத பொருள் அது. செராமிக் படித்தால் டீ கப்போடு வாழ்க்கை முடிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

மறுநாள் விடியற்காலையில் மங்கலம்பேட்டையில் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினேன். அங்கிருந்து எலவனாசூர்கோட்டை, திருக்கோவிலூர், தென்பெண்ணைப் பாலம், திருவண்ணாமலை. மழைக்காலம் முடிந்திருந்ததால் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தமிழ்நாட்டில் விண்மீன் பார்ப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் எதிரி. தை பிறந்தால் அவர்களுக்கும் வழி பிறக்கும்.

போகிற வழியில் சூரியனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற விண்மீன்களின் காந்தச் சேட்டையைப் புரிந்துகொள்ள அதுதான் அரிச்சுவடி. சூரியன் கெட்டியான உருண்டை இல்லை, வாயு உருண்டை. அதன் நடுப்பகுதி 25 நாட்களில் ஒரு சுற்று சுற்றுகிறது, துருவங்கள் அதைவிட மெதுவாக. உள்ளே வெந்நீர் கொதிப்பதுபோல் மின்னூட்டம் பெற்ற வாயு ஏறி இறங்குகிறது. இந்தச் சுழற்சியும் கொதிப்பும் சேர்ந்து காந்தப்புலத்தைக் கிளப்பி, முறுக்கி, மேலே தள்ளுகின்றன. அது மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் இடத்தில் உள்ளிருந்து வரும் வெப்பம் தடைபடுகிறது. அதுதான் கரும்புள்ளி. முறுக்கேறிய காந்தக் கோடுகள் சட்டென்று அறுந்து வேறு விதமாகச் சேர்ந்துகொள்ளும்போது, சேமித்து வைத்த ஆற்றல் மொத்தமும் சில நிமிடங்களில் வெளியே பாய்கிறது. அது சுடர்வெடிப்பு.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் வெள்ளையாக ஒளி பளிச்சிட்டு, ஐந்தே நிமிடத்தில் அடங்கியது. அதே காட்சியை ரிச்சர்ட் ஹாட்சன் என்பவரும் தனியாகப் பார்த்தார். அடுத்த நாளுக்குள் உலகெங்கும் காந்த ஊசிகள் வெறி பிடித்து ஆடின, தந்திக் கம்பிகளில் மின்சாரம் தானாகப் பாய்ந்தது. அந்தப் புயலின் வீச்சை இன்று நாம் கணக்கிட முடிவதற்கு முக்கியக் காரணம் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் எடுத்து வைத்த அளவுகள். அங்கே பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. யாரோ ஒருவர் விடாமல் குறித்து வைத்ததால் நமக்குக் கிடைத்த புதையல் அது.

திருவண்ணாமலையில் சாப்பிட்டுவிட்டு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் பஸ். மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறுகிறது. பலாவும் சாமையும் விளையும் மலையாளி மக்களின் ஊர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டே ஏற, என் பக்கத்தில் கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்திருந்த பாட்டி, "டெலஸ்கோப்புக்கா போற?" என்று கேட்டார். மலை முழுக்க அந்த இடத்துக்கு அதுதான் பெயர். காவலூர் என்று சொல்வதைவிட டெலஸ்கோப் என்றால் கண்டக்டர் சரியாக இறக்கிவிடுகிறார்.

காவலூர் 725 மீட்டர் உயரம்தான். கொடைக்கானலின் குளிரும் மூடுபனியும் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரை டிகிரி வடக்கே இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானத்தின் பெரும் பகுதியும் இங்கிருந்து தெரியும். இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் எம். கே. வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர், அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த 1949இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவராகப் பெயர் வாங்கினார். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். இரவு வானத்துக்குக் கொடைக்கானல் சரிப்படாது என்று தென்னிந்தியா முழுக்க அலைந்து, சந்தனக் காட்டுக்குள் இருந்த இந்தக் குக்கிராமத்தைப் பிடித்தார். 1968இல் நம்மவர்களே பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயமும், 1977இல் யுரேனஸின் வளையங்களும் அதில் அகப்பட்டன. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியைப் பார்க்க பாப்பு இருக்கவில்லை. 1982 ஆகஸ்டில் மூனிக்கில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தபோது தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். போகும் முன் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பெரிய குவிமாடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் தலையை அண்ணாந்து பார்த்தார்கள், நானும்தான். குதிரை லாட வடிவில் ஒரு பிரம்மாண்டமான தாங்கி, அதில் தொங்கும் இரும்புச் சட்டகம், அடியில் மூடி போட்ட ஆடி. அந்த ஆடியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். என் மனம் என்னவோ பெரியதை விட்டுவிட்டு இந்த வளாகத்தின் சின்னத் தொலைநோக்கிகளைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் ஹெச்ஆர் 1099இன் கதை 34 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் நடந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய ஆடி. எம். வி. மேக்கடன், ஏ. வி. ரவீந்திரன், எஸ். மோஹின் ஆகியோர் 1980களில் அதை வைத்து இந்த வகை விண்மீன்களைப் பின்தொடர்ந்தார்கள். ஹெச்ஆர் 1099, யூஎக்ஸ் ஏரியட்டிஸ், டிஎம் உர்சே மெஜோரிஸ் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு ஆர்எஸ் கேனம் வெனாட்டிகோரம் வகை என்று பெயர். இரண்டு விண்மீன்கள் மிக அருகே ஒன்றையொன்று சுற்றும். நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல ஈர்ப்பு அவற்றைப் பிணைத்துவிடுவதால், சுற்றி வரும் வேகத்திலேயே தன்னைத்தானும் சுழல வேண்டும். ஹெச்ஆர் 1099இல் சூரியனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பருத்த விண்மீன், 2.84 நாட்களில் ஒரு சுழற்சியை முடித்துவிடுகிறது. அத்தனை பருமனுக்கு அத்தனை வேகம். உள்ளே காந்தம் கிளறப்படுவதற்குக் கேட்கவா வேண்டும்?

அளக்கும் முறை எளிது, பொறுமைதான் கடினம். முதலில் பக்கத்தில் இருக்கும், மாறாத ஒளி கொண்ட விண்மீன் ஒன்றை ஒளிமானியில் அளக்க வேண்டும். பிறகு பக்கத்து வெற்று வானத்தை அளக்க வேண்டும். பிறகு நம் விண்மீன். மறுபடி வானம். மறுபடி ஒப்பீட்டு விண்மீன். அதே வரிசையை இன்னொரு வடிகட்டியில். வானத்தின் ஒளியைக் கழித்து, காற்றில் கரைந்த ஒளியைக் கூட்டி, ஒப்பீட்டு விண்மீனோடு வித்தியாசம் பார்த்தால் அந்த இரவுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். நாளைக்கு இன்னொரு புள்ளி. மேகம் வந்தால் அதுவும் இல்லை. இப்படி ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளை 2.84 நாள் சுழற்சிக்குள் மடித்து வரைந்தால், மெல்லிய அலை ஒன்று எழுந்து விழும். புள்ளி நிறைந்த பக்கம் நம்மை நோக்கும்போது ஒளி குறைகிறது, திரும்பிக்கொண்டால் கூடுகிறது. ஒரு பருவத்தில் அலையின் உயரம் ஒளியில் 5 சதவீதமாக இருக்கும், இன்னொரு பருவத்தில் 20 சதவீதத்தைத் தொடும். பள்ளம் விழும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். புள்ளிக் கூட்டங்கள் பிறந்து, நகர்ந்து, கலைந்து, வேறு இடத்தில் மீண்டும் முளைப்பதன் கையெழுத்து அது.

97 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒன்றின் முகத்தில் புள்ளி நகர்வதை, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஆடியை வைத்து, ஜவ்வாது மலைக் குளிரில் விழித்திருந்து கண்டார்கள். நம் நாட்டு அறிவியலில் ராக்கெட்டுகளுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் நூற்றில் ஒரு பங்காவது இந்த இரவுகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இந்த வேலைக்கான வேர் தமிழ் மண்ணில் இன்னும் ஆழமாகப் போகிறது. கொடைக்கானலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை அன்றாடம் படம் பிடித்து வருகிறார்கள், அதுவும் கால்சியம் அணு உமிழும் ஊதா ஒளியில். 393 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் அந்த ஒளிக்கு கே கோடு என்று பெயர். காந்தம் வலுத்த இடங்கள் அந்த ஒளியில் பளீரென்று தெரியும். 1909 ஜனவரியில் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. அதே கால்சியம் கோட்டைத்தான் பாப்பு தொலைதூர விண்மீன்களில் பிடித்தார். ஓலின் வில்சனோடு சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட முடிவு, அந்தக் கோட்டின் நடுவே தோன்றும் உமிழ்வின் அகலத்தைக் கொண்டே விண்மீனின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்றது. உண்மையான பிரகாசம் தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும். வில்சன்-பாப்பு விளைவு என்று இன்றும் அதைப் படிக்கிறார்கள். 1966இல் வில்சன் கலிபோர்னியாவில் அதே கோட்டை வைத்துப் பல விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தொடங்கினார். சூரியனுக்கு இருக்கும் 11 ஆண்டுச் சுழற்சியைப் போல மற்ற விண்மீன்களுக்கும் காந்தச் சுழற்சி உண்டு என்பது அந்தப் பொறுமையில்தான் நிரூபணமானது.

இருட்டியதும் வெளியே சின்னத் தொலைநோக்கி ஒன்றில் வரிசையாகப் பார்க்க விட்டார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன், "அண்ணா, நட்சத்திரம் வெடிக்கிறது தெரியுமா?" என்று கேட்டான். தலைக்கு மேலே கார்த்திகையைக் காட்டினேன். பதில் அங்கே இருந்தது.

கார்த்திகைக் கூட்டத்தில் நம் கண்ணுக்கு ஆறேழு விண்மீன்கள். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கு மேல். கிட்டத்தட்ட 440 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இளவட்டங்கள், பத்துக் கோடி வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான். இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழலும், ஆகவே காந்தமும் மூர்க்கம். அவற்றில் சிறிய செந்நிற விண்மீன்களில் அடிக்கடி சுடர்வெடிப்பு நடக்கும். மெக்சிகோவில் கியெர்மோ ஆரோ இதைப் பிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே புகைப்படத் தகட்டில் சில நிமிடங்கள் வீதம் பல முறை படம் எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி. தகட்டைக் கழுவினால் ஒவ்வொரு விண்மீனும் கோத்த பாசிமணிச் சரம்போல வரிசைப் புள்ளிகளாக இருக்கும். ஏதாவது ஒரு சரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் பருத்திருந்தால், அந்த நிமிடங்களில் அங்கே வெடிப்பு. இப்படி நூற்றுக்கணக்கான விண்மீன்கள் அகப்பட்டன. ஆர்மீனியாவின் விக்தர் அம்பார்ட்சுமியான் இன்னொரு படி மேலே போனார். ஒரே ஒரு முறை வெடித்து மாட்டியவை எத்தனை, இரண்டு முறை மாட்டியவை எத்தனை என்ற இரு எண்களிலிருந்தே, இன்னும் ஒரு முறைகூட மாட்டாமல் ஒளிந்திருப்பவை எத்தனை என்று கணக்குப் போட்டார். கார்த்திகையின் மங்கலான விண்மீன்களில் பெரும்பாலானவை சுடர்வெடிப்பவை என்ற முடிவுக்கு அதுதான் வழி.

"அப்ப அதுங்க பக்கத்துல பூமி இருந்தா?" என்றான் பையன். இந்தத் துறை முழுவதும் இப்போது அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் ஓடுகிறது. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதற்கு ஒரு கோள் இருப்பது 2016இல் அறிவிக்கப்பட்டது. அதே 2016 மார்ச்சில் அந்த விண்மீன் சில நிமிடங்களுக்கு ஏறத்தாழ 68 மடங்கு பிரகாசித்தது. அப்படிப்பட்ட வெடிப்புகள் அடிக்கடி நடந்தால் கோளின் காற்று மண்டலம் தாக்குப்பிடிக்குமா என்பது பெரிய விவாதம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் அஸ்ட்ரோசாட், 2017இல் வேறு விண்தொலைநோக்கிகளோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பிராக்சிமாவை நோட்டமிட்டது. எக்ஸ் கதிரிலும் புற ஊதாவிலும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வெடிப்பு எங்கே தொடங்கி எப்படி ஆறுகிறது என்பது புரியும்.

நம் சூரியன் சாது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2024 டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வு, கெப்ளர் விண்கலம் பார்த்த, சூரியனை ஒத்த 56,450 விண்மீன்களை அலசியது. அவற்றில் 2,889 பெருவெடிப்புகள். அப்படிப்பட்ட விண்மீன் ஒன்றுக்குச் சராசரியாக நூற்றாண்டுக்கு ஒரு முறை என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சூரியனுக்கும் அது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2024 மே மாதம் சூரியன் கொந்தளித்தபோது லடாக்கின் ஹன்லே வரைக்கும் துருவ ஒளி சிவப்பாகத் தெரிந்ததை நாம் பார்த்தோம். செயற்கைக்கோள், மின்தொகுப்பு, ஜிபிஎஸ் எல்லாம் சூரியனின் நல்ல குணத்தை நம்பி நிற்கின்றன. பிற விண்மீன்களைப் படிப்பது, நம் விண்மீனின் குணத்தை ஒரு நூற்றாண்டு காத்திராமல் தெரிந்துகொள்ளும் வழி.

இரவு முற்றியபோது வடக்கே அல்காலைத் தேடினேன். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை மங்கும் விண்மீன். வெறுங்கண்ணுக்கே தெரியும் மாற்றம். ஒரு விண்மீன் இன்னொன்றை மறைப்பதால் வரும் கிரகணம் அது. மறைக்கும் விண்மீன் காந்த ஆவேசம் பிடித்த வகை. 1997 ஆகஸ்டில் அதில் ஒரு பெரும் சுடர்வெடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே கிரகணம் குறுக்கிட்டு, வெடிப்பை மறைத்து மீண்டும் வெளிவிட்டது. எக்ஸ் கதிர் எப்போது குறைந்தது, எப்போது திரும்பியது என்பதை வைத்து வெடிப்பு அந்த விண்மீனின் துருவத்துக்குப் பக்கத்தில் நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். விண்மீனை உருட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு வானமே செய்து கொடுத்த சோதனை.

காவலூரில் எனக்கு வருத்தம் தந்தது அடிவானம்தான். வாணியம்பாடிப் பக்கமும் திருப்பத்தூர்ப் பக்கமும் வெளிச்சம் மலை விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. 1960களில் இருட்டைத் தேடி இங்கே வந்தார்கள். இப்போது வெள்ளை எல்இடி விளக்குகள் மலையடிவாரம் வரை வந்துவிட்டன, பல விளக்குகள் தரையைவிட வானத்துக்கே அதிகம் எரிகின்றன. ஒளியில் ஐந்து சதவீதம் குறைவதை அளக்க வேண்டியவர்களுக்கு, பின்னணி வானமே ஒவ்வோர் ஆண்டும் வெளுத்துக்கொண்டு வந்தால் எப்படி? ஹன்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் ஏற்படுத்தினார்கள். காவலூரைச் சுற்றிலும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். தெருவிளக்குக்கு மேலே ஒரு தொப்பி மாட்டி வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும், ஊருக்கும் மின்சாரம் மிச்சம். ஊராட்சி, பேரூராட்சி அளவிலேயே முடியும் காரியம் இது.

இந்த வளாகத்தோடு தொடர்புடைய இன்னொரு தொலைநோக்கியின் கதையையும் சொல்ல வேண்டும். அன்றைய வங்காளத்தின் ஜெசோரில் கருவூல எழுத்தராக இருந்த ராதாகோவிந்த சந்திரா, வேலை நேரம் போக இரவெல்லாம் மாறும் விண்மீன்களைக் கவனித்து, 37,000க்கும் மேற்பட்ட அளவுகளை அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பியவர். அவர் உழைப்பைக் கண்டு அந்தச் சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தது. பிரிவினைக்குப் பிறகு அவர் பாராசாத்துக்கு வந்தார். அந்தத் தொலைநோக்கி பின்னாளில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, அவர் வழியாகக் காவலூருக்கு வந்து சேர்ந்தது. சென்னை ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இலேயே ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தவர். நமக்கு இந்த வேலை புதிதில்லை.

ஆகவே விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசுக் கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை பிறந்ததும் அல்காலை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண் போதும், பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அரை மணிக்கு ஒரு முறை அதன் ஒளியைக் குறித்து வையுங்கள். கிரகணம் உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே விழும். அடுத்த ஆண்டு ஒரு கேமராவையோ நான்கு அங்குலத் தொலைநோக்கியையோ வைத்து ஹெச்ஆர் 1099ஐப் பிடியுங்கள். மூன்று மாதம் விடாமல் அளந்தால் புள்ளிகளின் அலை தெரியும். அந்த அளவுகளை மேலே சொன்ன சங்கத்துக்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். 1911 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து அதைத்தான் அவர்கள் வாங்கி வருகிறார்கள். மங்கலம்பேட்டைக் கரும்புக் கொல்லைகளின் மேல் இன்னும் அதற்குப் போதுமான இருட்டு இருக்கிறது. அது இருக்கும்போதே தொடங்குங்கள்.